எல்லை தாண்டாத சாட்சிகள்

என் தங்கையைப் பற்றிய செய்தி என் கைபேசிக்கு வந்தபோது காலை ஏழு இருபது. சிமெண்ட் ஆலைப் பேருந்துக்காக அரியலூரில் நின்றுகொண்டிருந்தேன். நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. அன்றைய பக்கத்தில் நேரத்தை எழுதி, அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "இதை எழுதியவனை விடக் கூடாது."

செய்தியைக் குடும்பக் குழுவில் போட்டவர் எங்கள் சித்தப்பா. கூடவே, "இது நம்ம பாப்பாதானே?" என்று கேட்டிருந்தார். பெரம்பலூரிலிருந்து நடத்தப்படும் ஓர் இணையதளம் அது. முகப்பில் கோபுரமும் குத்துவிளக்கும் இருக்கும். மரபையும் தெய்வ நம்பிக்கையையும் காப்பதே தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் கோயில் காரியம் பார்க்கிற எல்லோரும் படிப்பார்கள். நானும் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத வீடு எங்களுடையது. அந்தத் தளம் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் நடக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

தலைப்பு இது: காப்புக் கட்டிய பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையா? தலைமையாசிரியையின் அடாவடி, பெற்றோர் குமுறல். அதன் கீழே ஒரு வகுப்பறையின் படம். வரிசையாகக் காலி பெஞ்சுகள். மாரியம்மன் திருவிழாவுக்காகக் கையில் மஞ்சள் காப்புக் கட்டி வந்த பிள்ளைகளைத் தலைமையாசிரியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார் என்று எழுதியிருந்தது. பள்ளியின் பெயர் இருந்தது. தலைமையாசிரியை என்று தங்கையின் பெயரும் இருந்தது. குமுறிய பெற்றோரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

நடந்தது என்ன என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்தப் பள்ளி எங்கள் பூர்வீக ஊரில் இருக்கிறது, விக்கிரமங்கலத்திலிருந்து சில கிலோமீட்டர். ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் ஓடை. ஓடைதான் ஊரின் எல்லை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர், எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. அந்த வருடம் தை மாதத்தில் ஊரில் அம்மை போட்டிருந்ததால், மாசித் திருவிழாவில் பிள்ளைகளுக்குக் காப்புக் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். பிள்ளைக்குக் கட்டும்போது பெற்றோரும் கட்டிக்கொண்டார்கள். ஆகவே எட்டு நாள் ஊர்ப் பிள்ளைகள் ஓடையைத் தாண்டவில்லை. யாரும் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. அவர்கள் வாசலுக்கே வரவில்லை. விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமைகளில் நடத்திக்கொள்வதாகத் தங்கை ஊராரிடம் சொல்லியிருந்தாள்.

மரபைக் காப்பதாகச் சொல்கிற தளத்துக்கு இந்த மரபு தெரியவில்லை.

செய்தி வந்த மறுநாளே தங்கையை அரியலூரில் உள்ள கல்வி அலுவலகத்துக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். "பெற்றோர் வந்து சொன்னால் பிரச்சனையே இல்லையே, அழைத்து வாருங்கள்" என்றார் விசாரணை அதிகாரி. அவர் வேறு மாவட்டத்துக்காரர். அவர் குறித்த நாள் திருவிழாவின் ஆறாம் நாள். தங்கைக்காகப் பேச வேண்டியவர்கள் எல்லோர் கையிலும் காப்பு இருந்தது.

அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கையோடு போனேன். பத்தரை மணியிலிருந்து ஒன்றரை வரை அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. வர முடியாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் அவள் தலையைத் திருப்பினாள். எல்லை தாண்டக் கூடாது என்பதை அதிகாரியிடம் நான் மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை அவர் பேனாவை மூடினார்.

"அப்ப உங்க பக்கம் பேச ஒரு ஆள்கூட இல்லைன்னு எழுதிக்கிறேன்மா" என்றார்.

வருகைப் பதிவேட்டைத் தங்கை நீட்டினாள். அது அவள் கையால் எழுதியதுதானே என்றார். மறுவாரம் அவளை ஜெயங்கொண்டத்துக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பினார்கள். இறுதி உத்தரவுக்கு முன் இன்னொரு விசாரணை இருக்கும், அதில் குற்றம் உறுதியானால் தலைமையாசிரியை பதவியே போகும் என்றார்கள். பதினெட்டு வருடம் அந்த ஓடைக்கரையில் வேலை பார்த்தவள். புதுப் பள்ளியில் முதல் நாள், அங்கிருந்த ஆசிரியை ஒருவர் தன் மேசையில் இருந்த சாமி படத்தை எடுத்து மெதுவாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். தங்கை அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டாள்.

அன்றுதான் நான் முடிவு செய்தேன்.

கோபத்தில் கத்துகிறவனை யாரும் நம்பமாட்டார்கள் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். வந்து குவிகிற சுண்ணாம்புக்கல் நல்லதா என்று பார்க்க, கண்ணில் பட்டதை அள்ளிச் சோதிப்பதில்லை. பொடியைக் கூம்பாகக் குவித்து, தட்டி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை மட்டும் எடுப்போம். மறுபடியும் குவித்து, மறுபடியும் பிரிப்போம். கை எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால் அது மாதிரி அல்ல, என் ஆசை. அந்தத் தளத்தையும் அப்படியே சோதித்து, ஒருவராலும் மறுக்க முடியாத ஓர் அறிக்கை எழுதி, அதைக் கொண்டு அவர்களை ஊர் ஊராக அவமானப்படுத்துவது என்று தீர்மானித்தேன்.

ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள். தினமும் காலை ஆறு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் தளத்தைத் திறப்பது. அப்போது மேலிருந்து மூன்றாவதாக எந்தச் செய்தி இருக்கிறதோ அதுதான் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி. சொன்னவர் யார்? நேரில் பார்த்தவர் யார்? படம் எங்கே எடுத்தது? யாரைக் கேட்கவில்லை? விசாரித்துச் சரி என்று தெரிந்தால் பச்சை மை. பொய் என்றால் சிவப்பு. தெரியாவிட்டால் பென்சில்.

நான் நோட்டில் கட்டம் போடுவதை என் மனைவி காப்பி டம்ளரோடு நின்று பார்த்தாள். அவளுக்கும் என் தங்கை மேல் உயிர். ஆனால் என்னைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

"ஊருல பழி வாங்கறவன் அரிவாளை எடுப்பான். இவரு ஸ்கேல எடுக்கறாரு" என்றாள். "மண்டலம்னா மாலை போட்டுக்கணுமேங்க. அசைவம் கூடாது, பாய்ல படுக்கணும்."

"சிரிக்காத. நாப்பத்தெட்டு நாள் கழிச்சுப் பாரு."

"பாக்கறேன். அதுக்குள்ள அவன் நாலு பேரு குடியக் கெடுத்துருவான்."

முதல் வாரம் முழுக்கப் பச்சை. எனக்கு அது பெரிய அடி. உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு கோயில் குளத்தில் எத்தனை படி தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். அங்கே முந்திரிக் கொட்டை வியாபாரம் செய்யும் என் பள்ளித் தோழனைப் போய் எண்ணச் சொன்னேன். அவன் என்னைத் திட்டிக்கொண்டே எண்ணினான். சரியாக இருந்தது. சாலை தோண்டியதால் தேர் வேறு தெரு வழியாகப் போகும் என்றது ஒரு செய்தி. போனது. பிரதோஷ நேரம், அன்னதானம் நடக்கும் இடம், சிறப்புப் பேருந்து புறப்படும் நேரம், எதிலும் ஓர் ஓட்டை இல்லை. பச்சைப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

பத்தாம் நாள் ஒரு தவறு செய்தேன். காலை ஆறு மணிக்கு மூன்றாவது இடத்தில் பூச்சொரிதல் செய்தி இருந்தது. நான்காவதாக, ஓர் அதிகாரி பஸ் நிழற்குடையில் இருந்த பிள்ளையார் படத்தைத் தூக்கி எறிந்தார் என்ற செய்தி. அதைப் பார்த்ததுமே பொய் என்று மூக்கு சொல்லியது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தபோது மேலே இருந்த ஒரு செய்தி இடம் மாறி, பிள்ளையார் மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தார். ஆறு மணி என்று எழுதி, அந்தச் செய்தியைக் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வார விடுமுறையில் நேரில் போய்ப் பார்த்தேன். நிழற்குடைக்கு வண்ணம் அடிப்பதற்காகப் படத்தைப் பக்கத்து டீக்கடையில் வைத்திருந்தார்கள். மறுநாளே திரும்ப மாட்டியாயிற்று. புதுச் செம்பருத்தி மாலையோடு பிள்ளையார் இருந்தார். சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அந்த வாரத்திலேயே எனக்கு மிக அதிக மகிழ்ச்சி தந்த வேலை அது.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டு, "நேரம் பொய். என் பொய்" என்று பக்கத்தில் எழுதினேன். கருணையால் அல்ல. அவனை அடிக்கும்போது அவன் பிடித்துக்கொள்ள என் பக்கம் ஒரு கிளைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மண்டலம் பாதி கடந்ததும் உருவம் தெரிந்தது. யார் மேலும் குற்றம் இல்லாத செய்தி என்றால் அந்தத் தளம் சுத்தம். குளம், தேர், மழை, மார்க்கெட் எல்லாவற்றுக்கும் கண்ணால் பார்த்த ஆள் இருப்பான். ஒரு மனிதர் மேல் குற்றம் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். பார்த்த ஆள் காணாமல் போவான். "என்று கூறப்படுகிறது" வந்து உட்காரும். படம் வேறெங்கோ வேறு சமயத்தில் எடுத்ததாக இருக்கும். தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி தொங்கும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்ட செய்தி ஒன்றுகூட என் நோட்டில் விழவில்லை. பெற்றோரை மீறிக் கல்யாணம் செய்த ஒரு பெண்ணை, மயக்கிக் கடத்தியதாக எழுதியிருந்தார்கள். அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவளிடம் பேசிய ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. "நானே பஸ் ஏறித்தான் சார் போனேன், ஜன்னல் சீட்டு" என்றாள்.

இன்னொன்றும் கண்டேன். ஒரு கிராமத்தில் தேர் வடம் பிடிக்க வந்த காலனிக்காரர்களைத் தடுத்ததில் தகராறு. நாளிதழ்களில் வந்தது. அதே தேரைப் பற்றி அதே நாள் இந்தத் தளத்தில் வந்த செய்தி, ஊரே ஒன்றுகூடி வடம் பிடித்தது என்றது. "மறைப்பு" என்று சிவப்பில் எழுதினேன். எழுதும்போது எங்கள் ஊரின் தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இதற்கிடையில் காப்பு அவிழ்த்து மாதம் ஒன்றாகியிருந்தது. இரண்டாவது விசாரணைக்கு வந்து பேசும்படி ஊரின் திருவிழாக் கமிட்டித் தலைவரைக் கேட்கப் போனேன். அவர் பேரன் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். தங்கச்சி நல்ல பிள்ளை என்று நான்கு முறை சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இல்ல தம்பி, நம்ம கோயில் விசேஷத்தையெல்லாம் அந்த வெப்சைட்டுக்காரன்தான் வெளில காட்றான். நாம போய் அவனுக்கு எதிரா நின்னா நல்லாவா இருக்கும்? ஆபீசர்ங்களே விசாரிச்சு நல்லபடியா முடிச்சுடுவாங்க."

"உங்க பேரனை அவ வெளிய நிறுத்துனாளா மாமா?"

"சேச்சே. யாரு சொன்னா?"

"அவன்தான். வெளில காட்றான்னு நீங்க சொல்ற அவன்தான்."

மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதன் பிறகு அவர் வீட்டில் நடந்த வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் நான் போகவில்லை. இனியும் போகப்போவதில்லை.

நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் எட்டுப் பக்க அறிக்கையைத் தட்டச்சு செய்து, தங்கையைப் பற்றிய செய்தியையும் அந்தப் படத்தையும் முழுத்தாளில் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். தளத்தின் அலுவலகம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு டீக்கடைக்கு மேல்மாடி. ஆசிரியர் என் வயதுக்காரர். நெற்றி நிறைய விபூதி. எழுந்து நின்று கும்பிட்டார். நான் பிசாசை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். பச்சைக் குறி போட்ட பக்கங்களில் அவர் முகம் மலர்ந்தது. "எங்க பசங்க நல்லா வேலை பாக்கறாங்க சார்" என்றார். சிவப்புப் பக்கங்களை வேகமாகத் திருப்பினார். தங்கையின் செய்திக்கு வந்ததும் விரலால் தலைப்பைத் தொட்டுக் காட்டினார்.

"நாங்க கேள்விதான் சார் கேட்ருக்கோம். கேள்விக்குறி இருக்கு பாருங்க."

"கேள்வி கேட்டீங்கன்னா யாரைக் கேட்டீங்க? அவளைக் கேட்டீங்களா?"

"சார், நீங்க நம்ம ஆளு. சாமி கும்பிடறவங்க. நீங்களே இப்படி வந்தா எப்படி?"

"காப்புக் கட்டுனா எல்லை தாண்டக் கூடாது. இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. அவர் சொந்த ஊரில் காப்பு உண்டு, எல்லைக் கட்டுப்பாடு கிடையாதாம். எட்டு நாளும் தாண்ட மாட்டார்களா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வார்கள், காப்பை யார் அவிழ்ப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண் விரிந்தது.

"அருமையா இருக்கே சார். இதை ஒரு தனி ஸ்டோரியா பண்ணலாமே. நீங்களே எழுதித் தாங்களேன்."

என் வாழ்நாளில் ஒரு மனிதரை அடிக்க என் கை எழுந்த ஒரே தருணம் அது. மேசைக்கு அடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன். திருத்தம் போடுங்கள் என்றேன். திருத்தம் போடுவது தளத்தின் வழக்கம் அல்ல என்றார். வேண்டுமானால் செய்தியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுக்கக் கூடாது, அதன் மேலேயே தவறு என்று போட வேண்டும் என்றேன். நான் அச்செடுத்து வந்த படத்தை அவர் என் பக்கம் தள்ளினார்.

"கிளாஸ் காலியாத்தானே இருக்கு? போட்டோ பொய் சொல்லுமா சார்?"

தாள்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தக் கடைசிக் கேள்வி எரிந்துகொண்டே இருந்ததால் படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். கைபேசியில் கட்டை விரல் அளவுக்குப் பார்த்த படம் இப்போது முழுத்தாளில் இருந்தது. கடைசி இரண்டு பெஞ்சுகளுக்கு அடியில் பைகள். புத்தகப் பைகள். எண்ணினேன். ஒன்பது. பஸ்ஸிலிருந்தே தங்கையைக் கூப்பிட்டேன்.

"அந்தப் போட்டோவுல பை இருக்கே, யாரோடது?"

"காலனிப் புள்ளைங்களோடதுண்ணே. அவங்க எட்டு நாளும் வந்தாங்க. மத்தியானம் சாப்பிடப் போன நேரம் பாத்து எவனோ வந்து எடுத்திருக்கான்."

காலனி பள்ளிப் பக்கத்தில், ஓடைக்கு இந்தப் புறம் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் அவர்களுக்குக் காப்புக் கட்டுவதில்லை. சாமியும் அந்தத் தெருவுக்குப் போகாது. அவர்களுடைய பெற்றோர் ஆறாம் நாள் அரியலூருக்கு வந்திருக்கலாம். எந்த நாளும் வந்திருக்கலாம்.

"ஏன் நீ விசாரணைல சொல்லல? அவங்கள்ல யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"



"ஊர்க்காரங்க வந்து சொன்னாத்தாண்ணே எடுபடும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "நீயும்தானே வராந்தாவுல உக்காந்து பஸ்ஸப் பாத்துக்கிட்டு இருந்த" என்றாள்.

நாற்பத்தெட்டு நாள், காலையும் பகலும், யாரைக் கேட்கவில்லை என்று ஒரு கேள்வியை எழுதியவன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் சாட்சி என்றால் ஊர். ஊர் என்றால் ஓடைக்கு அந்தப் புறம். அந்த மேல்மாடி மனிதரைவிட இதில் நான் எவ்வளவு மேல் என்று பஸ் அரியலூர் வந்து சேரும்வரை எடைபோட்டுப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அதனால் அவர் மேல் இருந்த வெறி குறையவில்லை. இன்னும் கூடியது.

மறுநாள் விக்கிரமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். அந்தக் காலனிக்காரர். அவருடைய மகள் நான்காம் வகுப்பு. ஒன்பது பைகளில் ஒன்று அவளுடையது. நான் யார் என்று சொன்னதும் அவர் மிஷினை நிறுத்தினார். விஷயத்தைச் சொல்லி, வர முடியுமா என்று கேட்டேன்.

"வரேன் சார். டீச்சருக்காக வரேன்" என்றார். அடுத்து வந்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். "அன்னிக்கே கூப்பிட்டிருந்தா அன்னிக்கே வந்திருப்பேன். எங்களுக்கு ஏது சார் எல்லை? கயிறு கட்டுனவங்களுக்குத்தானே அது."

"தோணலைங்க" என்றேன்.

"தோணாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி மிஷினைப் போட்டு, காத்திருந்த ஒருவரின் ஆதார் அட்டையை நகல் எடுக்கத் தொடங்கினார்.

இரண்டாவது விசாரணைக்கு அவரும் காலனியிலிருந்து இன்னும் மூன்று பெற்றோரும் வந்தார்கள். முதல் பஸ்ஸில், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக. எட்டு நாளும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதையும் சாப்பிட்டதையும் சொன்னார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் கைபேசியை அதிகாரியிடம் கொடுத்தார். அந்த எட்டு நாளும் தங்கை தினமும் மாலை அனுப்பிய வீட்டுப்பாடக் குறிப்புகள் தேதியோடு இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேதிகளை எழுதிக்கொண்டார். ஊர்ப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியதை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

"டீச்சர் யாரையும் வெளிய நிறுத்தலைங்க" என்றார் அந்தப் பெண். "எங்க ஊருல வெளிய நிறுத்தறது யாருன்னு கேட்டீங்கன்னா, அது வேற கதைங்க. அதையும் எழுதிக்கிறீங்களா?"

அதிகாரி முதல் வாக்கியத்தை மட்டும் எழுதினார். இரண்டாவது வாக்கியம் அரசாங்கத்திடம் எங்கும் இல்லை. என் நாட்குறிப்பில் இருக்கிறது.

கோடை விடுமுறையில் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை, அதே பள்ளியில் அதே பதவியில் சேரலாம். தங்கை உத்தரவைப் படித்துவிட்டு, மடித்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பள்ளி திறந்த நாள் நானும் போனேன். ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் சேர்ந்து கத்திய சத்தத்தில் ஓடைக்கரைக் கொக்குகள் எழும்பிவிட்டன. கமிட்டித் தலைவர் சால்வையோடு வந்தார். தங்கை வாங்கிக்கொண்டாள். நான் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை.

அன்று மாலையே தளத்தில் செய்தி வந்துவிட்டது. மீண்டும் வந்தார் தலைமையாசிரியை, மாணவர்கள் உற்சாகம் என்று தலைப்பு. நேரம் சரி, படம் அன்று எடுத்தது, சொன்னவர் பெயர் இருந்தது, சால்வையின் நிறம்கூடச் சரி. தங்கை ஏன் போயிருந்தாள் என்பது மட்டும் இல்லை. பழைய செய்தியைத் தேடினேன். தளத்தில் அது இருந்த இடமே இல்லை. ஏதோ அவள் பிரசவ விடுப்பில் போய் வந்தவள் போல எழுதியிருந்தார்கள்.

செய்தியின் கீழே கருத்துப் பெட்டியில் ஒரு வரி போட்டேன்: இவரைப் பற்றி நீங்கள் மாசி மாதம் எழுதியது பொய், அதை எப்போது ஒப்புக்கொள்வீர்கள்? அரை மணியில் எடுத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி போட்டேன். எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் என்னைத் தடுத்தார்கள். மனைவியின் கைபேசியிலிருந்து போட்டேன். அவளே ஒரு வரியைத் தன் பாணியில் சேர்த்தாள். அதை இங்கே எழுத முடியாது. அதற்கு அடுத்த நாள் ஆசிரியரே கூப்பிட்டார்.

"சார், அம்மாதான் வேலைல சேந்துட்டாங்களே. இன்னும் என்ன சார் வேணும் உங்களுக்கு?"

"தப்புன்னு ஒரு வரி."

"பழசையே புடிச்சுக்கிட்டு இருந்தா எப்படி சார்?"

"பழசைக் காப்பாத்தத்தானே நீங்க கடை வச்சிருக்கீங்க?"

வைத்துவிட்டார்.

தங்கை விட்டுவிடச் சொல்கிறாள். அவளுக்கு அவள் பள்ளி திரும்பக் கிடைத்துவிட்டது, பெயர் போனால் போகிறது என்கிறாள். ஆனால் போன மாதம்கூட, ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவளை அறிமுகம் செய்த ஒருவர், "அந்தக் காப்பு விஷயத்துல மாட்டுனாங்களே, அவங்கதான்" என்றாராம். எடுத்துவிட்ட செய்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் ஓட வேண்டிய வரி இன்னும் எழுதப்படவே இல்லை.

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. எட்டரை மணி பஸ்ஸில் பெரம்பலூர் போகிறேன். ஒரே தாளில் மேலே அவர்களுடைய பழைய செய்தி, கீழே உத்தரவின் நகல். ஆசிரியர் மேல்மாடிக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில், டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். புதன்கிழமைக்குள் கிழித்துவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரம் டீக்கடைக்காரர் என்னை முறைத்தார். மூன்றாம் வாரம் நின்று முழுவதையும் வாசித்தார். போன செவ்வாய், டீயோடு ஒரு சின்னப் பாத்திரத்தையும் கொண்டு வந்து வைத்தார்.

"உங்க பசை நிக்க மாட்டேங்குதுங்க" என்றார். "மைதாவுல கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிருக்கேன். இதுல ஒட்டிப் பாருங்க."